ஆம்ப் மாடலரும் மல்டி எஃபெக்ட்ஸும்: புதிதாகத் தொடங்கும் கிட்டார்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர் அடுத்துத் தேடுவது ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட ஆம்பை அதன் உண்மையான சத்தம் வருமளவுக்கு அடுக்குமாடி வீட்டில் திறந்துவிட முடியாது. அதனால்தான் பலரும் காலடியில் வைக்கும் டிஜிட்டல் பெட்டிக்கு வருகிறார்கள். வாங்கிய முதல் வாரத்தில் எழும் புகார்கள் பெரும்பாலும் பெட்டியால் வருவதில்லை, அதை எதில் செருகியிருக்கிறோம் என்பதால் வருகின்றன. ஆகவே இணைப்பு பற்றிய பதில்கள் இங்கே கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

ஆம்ப் மாடலர், மல்டி எஃபெக்ட்ஸ், எஃபெக்ட்ஸ் ப்ராசசர்: மூன்றும் ஒன்றா?

இப்போது கடையில் கிடைப்பவற்றைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றுதான். முன்பு வேறு வேறாக இருந்தன. டிலே (சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது), ரிவர்ப் (அரங்க எதிரொலி), கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தது போன்ற சத்தம்), டிஸ்டார்ஷன் என்று தனித்தனிப் பெடல்களை ஒரே பெட்டிக்குள் அடக்கியது மல்டி எஃபெக்ட்ஸ். பாஸ் நிறுவனத்தின் எம்இ-5 1988-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் நிஜமான ஆம்ப் ஒன்று இருந்தாக வேண்டும். ஆம்ப் மாடலரோ அந்த ஆம்பையே நகலெடுக்கும். அவரை விதை வடிவில் வந்த லைன் 6-இன் சிவப்புப் பெட்டி, பாட், 1998-இல் இதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று சின்ன மல்டி எஃபெக்ட்ஸிலும் ஆம்ப் மாடல் இருக்கிறது, பெரிய மாடலரிலும் எஃபெக்ட்ஸ் இருக்கிறது.

பெட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

நிஜ ஆம்பில் கிட்டாரின் சத்தம் ஐந்து இடங்களில் உருமாறுகிறது. ப்ரீஆம்ப் மெல்லிய சிக்னலைப் பெருக்குகிறது. அளவு மீறும்போது அலையின் உச்சி நசுங்குகிறது. அந்த நசுங்கலைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். அடுத்து பாஸ், மிடில், ட்ரெபிள் திருகுகள். பல ஆம்புகளில் ஒன்றைத் திருப்பினால் மற்றதன் குணமும் மாறும். மூன்றாவதாக பவர் ஆம்ப் தன் பங்குக்கு இன்னும் அழுத்துகிறது. நான்காவது ஸ்பீக்கர் பெட்டி. ரெக்கார்டிங்கில் கேட்கும் கிட்டார் என்றால், ஸ்பீக்கர் முன் வைத்த மைக் ஐந்தாவது.

மாடலர் கிட்டார் சிக்னலை நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்ணாக்குகிறது. இந்த ஐந்தையும் கணக்காகப் போட்டு, விடையை மறுபடி மின்சிக்னலாக வெளியே அனுப்புகிறது. எஃபெக்ட்ஸ் கணக்கு ஒப்பீட்டளவில் சுலபம். கஷ்டம் அந்த நசுங்கலில்தான். அலை நசுங்கும்போது புதிய உயர் ஒலிகள் பிறக்கின்றன. அளக்கும் வேகத்தின் பாதிக்கு மேல் போகும் ஒலியை எண்ணில் பிடிக்க முடியாது. அது மடங்கி, சுருதியோடு சேராத வேறொரு ஒலியாகக் கீழே வந்து விழும். மலிவான பழைய மாடலரில் கெயினை (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவை) ஏற்றி, 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பியை இழுத்து வளைத்துப் பாருங்கள். சுருதி மேலே ஏறும்போது அடியில் மெல்லிய கீச்சு ஒன்று எதிர்த்திசையில் இறங்குவது கேட்கும். நல்ல பெட்டிகள் உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு இதைக் குறைக்கின்றன. விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இதற்குத்தான்.

மெனுவில் உள்ள ஆம்ப் பெயர்கள் ஒன்றும் புரியவில்லையே?

வர்த்தகப் பெயரை அப்படியே போட உரிமை இல்லாததால் ஜாடையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். லைன் 6 ஹீலிக்ஸில் 'யுஎஸ் டீலக்ஸ்' என்றால் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், 'பிரிட் 2204' என்றால் மார்ஷல் ஜேசிஎம்800, 'எசெக்ஸ் ஏ30' என்றால் வாக்ஸ் ஏசி30, 'காலி ரெக்டிஃபயர்' என்றால் மேசா டூயல் ரெக்டிஃபயர். மற்ற நிறுவனங்களும் இதே வழக்கந்தான். எது எதன் நகல் என்ற பட்டியல் பயனர் கையேட்டில் இருக்கும் அல்லது இணையத்தில் கிடைக்கும்.

நூறு மாடல் இருந்தாலும் குடும்பங்கள் சிலவே. தெளிவான, மணி போன்ற சத்தத்துக்கு ஃபெண்டர் வகை. மீட்டும்போது மினுங்கி, அழுத்தி அடித்தால் உடையும் சத்தத்துக்கு வாக்ஸ் வகை. ராக் ரிதமுக்கு மார்ஷல். கனத்த மெட்டலுக்கு மேசா போன்ற அதிக கெயின் வகை. முதல் மூன்று மாதம் இந்த நான்கில் ஒவ்வொன்றை மட்டும் எடுத்துப் பழகுவது, நாளுக்கொரு மாடல் மாற்றுவதைவிட நிறையக் கற்றுத்தரும்.

வீடியோவில் அருமையாகக் கேட்ட அதே பெட்டி என் வீட்டில் ஏன் கேவலமாக ஒலிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆக, கிட்டார் ஆம்பின் சத்தம் என்று நாம் விரும்பிக் கேட்பது அந்த ஸ்பீக்கர் வடிகட்டித் தந்த மிச்சம். மாடலரில் இந்த வடிகட்டும் வேலையைச் செய்யும் பகுதி கேப் சிமுலேஷன், சுருக்கமாக கேப். இது சங்கிலியில் ஒரே ஒரு தடவை இருக்க வேண்டும். இல்லாமல் போனாலும் கெட்டது, இரண்டு தடவை வந்தாலும் கெட்டது.

ஹெட்போன், ஸ்டுடியோ மானிட்டர், மிக்சர், பிஏ ஸ்பீக்கர் (மேடையின் பொது ஒலிபெருக்கி) ஆகியவை எதையும் வடிகட்டாமல் அப்படியே தருபவை. இவற்றில் செருகினால் ஆம்ப், கேப் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். கேப் அணைந்திருந்தால் குளவிக் கூட்டைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கியது போலிருக்கும்.

கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் நிலைமை நேர்மாறு. அங்கே ஏற்கெனவே நிஜ ப்ரீஆம்பும் நிஜ ஸ்பீக்கரும் இருக்கின்றன. மாடலரில் ஆம்ப், கேப் இரண்டையும் அணைத்து, டிரைவ், டிலே போன்ற எஃபெக்ட்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அணைக்காவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மங்கி, மூக்கடைத்த குரலில் வரும்.

கிட்டார் ஆம்பின் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற ஜாக் இருந்தால் அது இன்னும் நல்ல வழி. அதில் செருகினால் அந்த ஆம்பின் ப்ரீஆம்பைத் தாண்டிப் போகிறோம். அப்போது மாடலரில் ஆம்ப் ஆன், கேப் மட்டும் ஆஃப்.

சில பெட்டிகளில் இதை மொத்தமாகச் சொல்லிவிடும் வசதி உண்டு. பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 போன்றவற்றில் 'அவுட்புட் செலக்ட்' என்ற மெனுவில், செருகியிருப்பது லைன்/ஃபோன்ஸா, ஜேசி-120 ஆம்பா, காம்போ ஆம்பா (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) என்று தேர்ந்தெடுக்கலாம். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக இதைச் சரிபார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பத்து நொடிச் சோதனை ஒன்று உண்டு: டிஸ்டார்ஷன் சத்தத்தில் ஒரு கார்டை மீட்டி ஒலிக்க விட்டு, கேப்பை அணைத்து அணைத்துப் போடுங்கள். காதுக்கு இதமாக எது வருகிறதோ அதுவே உங்கள் இணைப்புக்கு ஏற்ற நிலை.

ஹோம் தியேட்டரில் செருகுபவர்கள் கேப்பை ஆனில் வைத்து, ஹோம் தியேட்டரின் பாஸ் பூஸ்டையும் சரவுண்டையும் முழுக்க அணையுங்கள். சப்வூஃபர் கீழ் ஸ்தாயியை ஊதிப் பெருக்கி எல்லா முடிவுகளையும் கெடுத்துவிடும்.

ஐஆர் என்றால் என்ன? கட்டாயம் வேண்டுமா?

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பதன் சுருக்கம். ஒரு நிஜ ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் ஒரு நிஜ மைக், அந்த மைக் வைத்த கோணம்: இந்த மூன்றும் சேர்ந்து சத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை அளந்து சேமித்த சின்ன வேவ் கோப்பு. 48,000 வேகத்தில் 2,048 மாதிரிகள் என்றால் மொத்தம் சுமார் 43 மில்லி செகண்ட்தான். ஆனால் சத்தத்தின் குணத்தை மாற்றுவதில் ஆம்ப் மாடலை மாற்றுவதைவிடப் பல சமயம் இதற்கு வலிமை அதிகம். மைக் ஸ்பீக்கரின் நடுவில் இருந்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்ந்தால் மென்மை.

பெட்டியோடு வரும் கேப் பிடிக்கவில்லை என்றால் இலவச ஐஆர் ஒன்றிரண்டைப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறு கோப்புகளை இறக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். ஐஆரை ஏற்றியவுடன் பெட்டியின் சொந்த கேப்பை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன இரட்டை வடிகட்டல் இங்கேயும் வரும்.

ப்ளூடூத் ஹெட்போனில் வாசிக்கலாமா?

கூடாது. சாதாரண ப்ளூடூத்தில் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகும். அப்படியென்றால் 100 மில்லி செகண்ட் என்பது முப்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும் ஆம்பைக் கேட்டபடி வாசிப்பதற்குச் சமம். தாளம் நிற்காது. பெட்டியில் ப்ளூடூத் இருப்பதாக எழுதியிருந்தால் பெரும்பாலும் ஃபோனிலிருந்து பாட்டை உள்ளே அனுப்பி அதோடு வாசிப்பதற்கு அல்லது ஆப் மூலம் செட்டிங்கை மாற்றுவதற்குத்தான்.

ஒயர் உள்ள ஹெட்போன் போதும். பாஸைத் தூக்கிக் காட்டாத, காதை முழுக்க மூடும் ரகமாகப் பாருங்கள். பெட்டியின் ஜாக் 6.35 மில்லிமீட்டரா, 3.5 மில்லிமீட்டரா என்று பார்த்து, தேவையானால் ஸ்டீரியோ கன்வெர்ட்டர் வாங்குங்கள். மோனோ கன்வெர்ட்டர் போட்டால் ஒரு காதில்தான் வரும்.

முதல் பேட்சை எப்படி அமைப்பது?

கடையில் அசத்துவதற்காகச் செய்யப்பட்டவை ஃபேக்டரி ப்ரீசெட்டுகள். ரிவர்பும் கெயினும் அளவுக்கு மீறி இருக்கும். காலியான பேட்ச் (ஆம்ப், எஃபெக்ட்ஸ் அமைப்புகளைச் சேர்த்துச் சேமிக்கும் இடம்) ஒன்றைத் திறந்து இந்த வரிசையில் போங்கள்:

1. கிட்டார் வால்யூம், டோன் இரண்டும் முழுசாகத் திறந்திருக்கட்டும். ட்யூன் செய்யுங்கள்.
2. ஃபெண்டர் வகை ஆம்ப் ஒன்று. பத்துக்கு கெயின் 3, பாஸ் 4, மிடில் 5, ட்ரெபிள் 5. கேப் ஆன்.
3. நீங்கள் அடிக்கக்கூடிய அதிகபட்ச பலத்தில் ஆறு கம்பியும் சேர்த்து ஒரு கார்டு அடியுங்கள். மீட்டர் சிவப்பைத் தொட்டால் ஆம்ப் மாடலின் சேனல் வால்யூமைக் குறையுங்கள். டிஜிட்டலில் சிவப்பு என்றால் நேரடியாக வெடிப்புச் சத்தம். வால்வு போல இனிமையாக உடையாது.
4. கேப்புக்குப் பின் ஈக்யூ (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) ஒன்று. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதனால் கீழே இழப்பு ஏதுமில்லை. ஹெட்போனில் உறுத்தும் சீறல் இதில் பாதி போய்விடும்.
5. கடைசியில் ரிவர்ப், மிக்ஸ் 15 சதவீதம், நீளம் ஒன்றரை நொடி.

சேமியுங்கள். இந்தப் பேட்சை நகலெடுத்து, ஆம்பை மார்ஷல் வகைக்கு மாற்றி, கெயின் 4, பாஸ் 4, மிடில் 6, ட்ரெபிள் 5 என்று வையுங்கள். போதாது என்று தோன்றினால் கெயினை ஏற்றுவதற்கு முன் ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றைப் போடுங்கள்: டிரைவ் 1, டோன் 5, லெவல் 8. இது கீழ் ஸ்தாயியின் கொழகொழப்பை வெட்டி நடு ஸ்தாயியைத் தள்ளிக்கொடுக்கும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும். கெயினை மட்டும் ஏற்றியவருக்கு அந்தப் பிரிவு கிடைக்காது.

டிலே வேண்டுமானால் 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள். 120 பிபிஎம் பாட்டுக்கு ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். அதன் முக்கால், 375, துள்ளலான டிலேயைத் தரும்.

எஃபெக்ட்ஸை எந்த வரிசையில் வைப்பது?

வா (பெடலை மிதித்து ஒலியை 'வா-வா' என்று மாற்றுவது), கம்ப்ரசர் (உரத்த, மெல்லிய சத்தங்களைச் சமன் செய்வது), ஓவர்டிரைவ், ஆம்ப், கேப், ஈக்யூ, கோரஸ், டிலே, ரிவர்ப். இதை வைத்துத் தொடங்கினால் தப்பே நடக்காது. காரணமும் எளிது: டிலேயையும் ரிவர்பையும் கெயின் நிறைந்த ஆம்புக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகிவிடும். ஆம்ப் சுத்தமான சத்தத்தில் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. கோரஸை ஆம்புக்கு முன்னால் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் பழைய நிறம் வரும்.

வீட்டில் பிரமாதமாக இருந்த சத்தம் மேடையில் காணாமல் போகிறதே?

மெதுவான சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். வீட்டில் இரவில் மெல்லமாகக் கேட்டபடி பேட்ச் செய்யும்போது, இந்தக் குறையை ஈடுகட்ட நம்மை அறியாமல் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிடிலை இறக்கிவிடுகிறோம். மேடையில் சத்தம் கூடியதும் பாஸ் உறுமுகிறது, ட்ரெபிள் காதைக் குத்துகிறது. கீழே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பலும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கின்றன. கிட்டாருக்கு மிச்சமுள்ள வீடு நடு ஸ்தாயி. அதைத்தான் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம்.

மேடைக்கென்று தனிப் பேட்ச் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கெயினில் கால் பங்கைக் குறையுங்கள், மிடிலை 6 அல்லது 7-க்கு ஏற்றுங்கள், கீழே 100 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள், ரிவர்பைப் பாதியாக்குங்கள். கல்யாண மண்டபமும் தேவாலயமும் தங்கள் சொந்த எதிரொலியைத் தாராளமாகவே தரும். தனியாகக் கேட்டால் இந்தப் பேட்ச் வறட்சியாகத் தெரியும். குழுவோடு கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், முடிந்தால் ரிகர்சலில், அரங்கின் சத்தத்திலேயே.

பேட்ச் மாற்றும்போது சத்தம் ஏறி இறங்குகிறது, நடுவே ஒரு கணம் அறுந்தும் போகிறது.

அளவை மீட்டரை வைத்துச் சமன் செய்யாதீர்கள், காதை வைத்துச் செய்யுங்கள். டிஸ்டார்ஷன் சத்தம் அழுத்தப்பட்டது. மீட்டரில் கிளீனுக்குச் சமமாகக் காட்டினாலும் காதுக்கு உரக்கக் கேட்கும். கிளீன் பேட்சை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்து இறக்குங்கள். லீடு மட்டும் 3 டெசிபெல் கூடுதலாக இருக்கட்டும். மாற்ற வேண்டியது ஆம்ப் மாடலின் சேனல் வால்யூம் அல்லது பேட்ச் லெவல். கெயினைத் தொட்டால் குணமே மாறும்.

அறுந்து போவதற்குக் காரணம், புதிய பேட்சை ஏற்ற ப்ராசசருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரே பேட்ச் வைத்து, அதற்குள் ஓவர்டிரைவ், டிலே ஆகியவற்றைக் காலால் அணைத்துப் போடும் முறைக்கு மாறுங்கள்.

ஓயாத உறுமலும் இரைச்சலும் வருகிறது. பெட்டி பழுதா?

அரிதாகவே பழுது. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கேபிள், அடாப்டர் அல்லது அடுத்த கருவி வழியாக.

பிக்கப் வழி என்றால்: சிங்கிள் காயில் பிக்கப் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் கரன்ட் உறுமலை ஏரியல் போலப் பிடிக்கும். ஃபேன் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், சோக் வைத்த ட்யூப் லைட், லேப்டாப் சார்ஜர் மூன்றும் முக்கியக் குற்றவாளிகள். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், உட்காரும் திசையைக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது சகஜம். தொட்டால் கூடுகிறது என்றால் கிட்டாரின் உள் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்போடு யுஎஸ்பியில் இணைத்தவுடன் மட்டும் கீச்சிடுகிறதா? சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் ஒயர்கள் வளையமாகச் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல். மானிட்டர், லேப்டாப், மாடலர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேருங்கள். உறுமலை நிறுத்த எர்த் பின்னை உடைப்பதோ டேப் ஒட்டுவதோ ஒருநாளும் கூடாது. மேடையில் கை கம்பியில், உதடு மைக்கில் இருக்கும். எர்த் கெட்டிருந்தால் கரன்ட் உடம்பு வழியாகப் போகும். உயிர் போயிருக்கிறது.

மிஞ்சிய சீறலுக்கு நாய்ஸ் கேட்: த்ரெஷோல்ட் என்ற வரம்புக்குக் கீழ் வரும் சத்தத்தை அடைத்துவிடும் எஃபெக்ட். அதை ஆம்புக்கு முன்னால் வைத்து, கம்பிகளைக் கையால் அமுக்கி, சீறல் அடங்கும் வரை த்ரெஷோல்டை ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். நீட்டி ஒலிக்கும் ஸ்வரம் கடைசியில் சட்டென்று வெட்டுப்பட்டால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள்.

மிக்சரில் நேரடியாகக் கொடுப்பது எப்படி?

கேப் ஆன். பெட்டியின் இடது அல்லது மோனோ என்று எழுதிய ஜாக்கிலிருந்து ஒரு கேபிள். வலது ஜாக்கை மட்டும் செருகினால் பாதிச் சத்தம்தான் போகும். பல மேடைகளில் பிஏ உண்மையில் மோனோ. ஸ்டீரியோவில் இடமும் வலமும் தாவும் டிலே அங்கே தேய்ந்துவிடும். ஆகவே வீட்டிலும் ஒருமுறை மோனோவில் கேட்டுவிடுங்கள்.

கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) கேளுங்கள். மைக் செட்காரரிடம் கன்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் ஃபாண்டம் பவர் உங்கள் சேனலில் அணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஐ இல்லாமல் சாதாரண அவுட்புட்டை மைக் கேபிளாக மாற்றிச் செருகும்போது அந்த 48 வோல்ட் பெட்டிக்குள் ஏறிக் கெடுத்துவிடும். டிஐ இல்லாமல் நேராகச் செருகும்போது மைக் இன்புட்டைவிட லைன் இன்புட் பொருத்தம். மாஸ்டர் வால்யூமை முக்காலில் வைத்து, சவுண்ட் செக் முடிந்த பின் தொடாதீர்கள்.

வேறு அடாப்டர் பயன்படுத்தலாமா?

நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: வோல்ட், ஏசியா டிசியா, நடு முனை நெகட்டிவா பாசிட்டிவா, மில்லி ஆம்பியர். முதல் மூன்றும் அச்சாக அதேதான். நான்காவது கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. சின்னப் பெட்டிகள் பல 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ், 500 மில்லி ஆம்பியர் கேட்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் அதே 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கிறது. பெடலுக்கான சாதாரண அடாப்டரில் அது எழுந்திருக்காது. பழைய பாட் 2.0 போன்றவை 9 வோல்ட் ஏசி கேட்பவை. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்ய இதுவே போதுமா?

பெட்டியில் யுஎஸ்பி ஓட்டை இருப்பது போதாது. 'யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்று விவரப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். சில பெட்டிகளில் அந்த ஓட்டை அப்டேட்டுக்கு மட்டும். விண்டோஸில் நிறுவனத்தின் ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ மென்பொருள்) போட்டு, பஃபரை (ஒரே தடவையில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 128-இல் வையுங்கள்: 48,000 வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி செகண்ட். படபடவென்று வெடித்தால் 256. வாசித்ததைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக் கேட்காமல் பெட்டியிலிருந்தே நேராகக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் சத்தம் குழாய்க்குள் பேசுவது போலாகும்.

ப்ரொஃபைல், கேப்சர் என்கிறார்களே, அது மாடலிங்கிலிருந்து எப்படி வேறு?

மாடலிங்கில் பொறியாளர்கள் ஆம்பின் சர்க்யூட்டைப் படித்துக் கணக்காக எழுதுகிறார்கள். எல்லாத் திருகும் நிஜம்போல் வேலை செய்யும். கேப்சரில் குறிப்பிட்ட ஆம்ப், குறிப்பிட்ட திருகு நிலையில், சோதனை சிக்னலுக்கு எப்படி ஒலிக்கிறது என்று பதிந்து அதை ஒத்த கணக்கைத் தேடுகிறார்கள். ஜெர்மனியின் கெம்பர் இதைப் பரவலாக்கியது. நியூரல் டிஎஸ்பியின் குவாட் கார்டெக்ஸ் நியூரல் நெட்வொர்க் கொண்டு செய்கிறது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், திறந்த மூலம். கம்ப்யூட்டரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் இன்றே போட்டுப் பார்க்கலாம். புகைப்படம் போலத்தான் கேப்சர்: எடுத்த நிலையில் அச்சு அசல், கெயினைத் தூரமாகத் திருப்பினால் நிஜ ஆம்பிலிருந்து விலகும். கேப்சரில் ஸ்பீக்கரும் சேர்ந்து பதிந்திருக்கிறதா என்று அதன் குறிப்பில் பாருங்கள்; சேர்ந்திருந்தால் ஐஆர் வேண்டாம்.

அகூஸ்டிக் கிட்டார், பாஸ் கிட்டார் செருகலாமா?

தாராளமாக. அகூஸ்டிக்கில் ஆம்ப், கேப் இரண்டையும் அணைத்து ஈக்யூ, கம்ப்ரசர், ரிவர்ப் மட்டும். பாஸுக்கு 80 ஹெர்ட்ஸ் வெட்டை எடுத்துவிட்டு, பாஸ் கேப்பைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் பெட்டியாக எதைப் பார்ப்பது?

மாடல்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஹெட்போன் ஜாக், கேப்பைத் தனியாக அணைக்கும் வசதி, யுஎஸ்பி ஆடியோ, வெளி ஐஆர் ஏற்றும் வசதி, வா அல்லது வால்யூமைக் காலால் கூட்டிக் குறைக்க ஒரு எக்ஸ்பிரஷன் பெடல், குனியாமல் படிக்கக்கூடிய திரை: இவற்றைப் பாருங்கள். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டும் தொடக்கநிலையில் நெடுநாளாகப் பயனில் உள்ளவை. இரண்டிலும் எக்ஸ்பிரஷன் பெடல் உண்டு, நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும். வேலட்டன், மூயர், என்யூஎக்ஸ் நிறுவனங்களின் சில பெட்டிகள் குறைந்த விலையிலேயே ஐஆர் வசதி தருகின்றன. ஊரில் சர்வீஸ் செய்பவர் யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கும்போது எதைச் சோதிப்பது?

உங்கள் கிட்டாரையும் கேபிளையும் ஹெட்போனையும் கொண்டுபோங்கள். எல்லா ஃபுட் ஸ்விட்சையும் இருபது தடவை மிதியுங்கள். ஒருமுறை மிதித்தால் இருமுறை வேலை செய்வது தேய்ந்த ஸ்விட்ச். எக்ஸ்பிரஷன் பெடலை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நகர்த்தித் திரையில் 0 முதல் 100 வரை தாவாமல் ஏறுகிறதா பாருங்கள். தாவினால் முதலில் மெனுவில் கேலிப்ரேஷன் செய்யச் சொல்லுங்கள், அதற்குப் பிறகும் தாவினால் பாகம் மாற்ற வேண்டும். ஜாக்கில் கேபிளை ஆட்டிக் கரகரப்பைக் கேளுங்கள். அடாப்டர் ஒரிஜினல்தானா, அதன் ஒயர் கழுத்தில் உடையவில்லையா பாருங்கள். ஒரு பேட்சைச் சேமித்து, கரன்டைப் பிடுங்கி, மறுபடி போட்டு அது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபேக்டரி ரீசெட், அதன்பின் ஃபர்ம்வேர் அப்டேட். சார்ஜ் மட்டும் செய்யும் யுஎஸ்பி கேபிளில் அப்டேட் நடக்காது. டேட்டா கேபிள் வேண்டும். பாதியில் கரன்ட் போனால் பெட்டி எழாமலே போகலாம், அதனால் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.